தேவமலரின் மோரிஸ் மைனர்

மலேசியாவின் அலோர் காஜாவில் இருபத்திரண்டு வருடம் ஸ்கூல் வேன் ஓட்டியவள் தேவமலர். வயது அறுபத்தொன்று. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவள் வேனில் போய் வந்த பிள்ளைகளில் இருவர் இன்று டாக்டர்கள். அவர்களைக் கடைத்தெருவில் கண்டாலும் "சட்டைய உள்ள விடு" என்பாள். விட்டுக்கொள்வார்கள்.

வேனை விற்ற பிறகு வீட்டோடு இருப்பாள் என்று நினைத்தோம். அவளோ புலாவ் செபாங்கில் ஒரு கொட்டகையில் கிடந்த பச்சை மோரிஸ் மைனரை வாங்கி வந்து, ஏழு மாதம் அதன் அடியில் படுத்துக் கிடந்தாள். ஆகஸ்டில் எஞ்சின் தையல் மெஷின் போல ஓடியது. ஆனால் ரோட்டக்ஸ் என்ற சாலை வரி முடிந்து பல வருடம் ஆன வண்டி. பரிசோதனையில் தேறினால்தான் சாலைக்கு வரலாம். நவம்பரில்தான் தேதி கிடைத்தது.

போனாள், தோற்றாள். எஞ்சின் ஓட, நகராமல் நின்றால் வண்டி குளிர் காய்ச்சல் கண்டவன் போல நடுங்கியது. புகைக் குழாயில் கருவியை வைத்துப் பார்த்த மலாய் அதிகாரி, "புகை ரொம்ப அதிகம், மக்சிக்" என்று மலாயில் அத்தை முறை சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் தம்பி ஷங்கர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். அன்று அவள் அங்கே போனபோது கடை நிறைய ஆள்.

"அக்கா, அந்த டப்பாவ எங்கிட்ட குடுத்துருலா. வாசல்ல நிறுத்தி, மேல பூச்செடி வைக்கிறேன். வர்றவங்க படம் எடுப்பாங்க."

"இன்னொரு தடவ ஃபெயில் ஆனா நீயே எடுத்துக்கடா!"

கோபத்தில் சொன்ன சொல். ஆனால் முப்பது பேர் கேட்டார்கள். மறுநாளே ஷங்கர் ஆள் வைத்து, காரின் அளவுக்குக் கடை வாசலில் சிமெண்டு மேடை போட்டான்.

அடுத்த பரிசோதனைக்குப் பத்து நாள். பிளக்குகளைக் கழற்றினாள்; நான்கும் கரி பிடித்திருந்தன. துடைத்து மாட்டினால் மறுநாளே மறுபடி கரி. ரப்பர் குழாய்களில் விரிசல் தேடினாள், இல்லை. பெட்ரோலை மாற்றினாள். நடுக்கம் நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டாள்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். எனக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் பேச முடியாத நோயாளிக்கு என்ன கோளாறு என்று கூட இருப்பவரைக் கேட்கத் தெரியும்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"மழ ஆரம்பிச்சதுலேர்ந்துக்கா. ஈரக் காத்து."

"அதுக்கு முன்னாடி வண்டிய என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணலக்கா. ஆயுத பூசைக்குக் கழுவினேன், பொட்டு வச்சேன், கயிறு கட்டினேன்."

"எங்க கட்டின?"

"ஸ்டேரிங்ல ஒண்ணு, எஞ்சின்ல ஒண்ணு. வேன்ல எஞ்சின் சீட்டுக்கு அடியில, கையே போகாது. இதுல எல்லாம் எட்டுதே..."

சொல்லிக்கொண்டே குனிந்தவள் அப்படியே நின்றாள். டார்ச்சை நகர்த்தினேன். கார்புரேட்டருக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல். அதன் மூட்டில் மஞ்சள் கயிறு மூன்று சுற்று. ஈர மஞ்சளோடு கட்டியது, காய்ந்து கம்பியாக இறுகியிருந்தது.

காலையில் எஞ்சினைக் கிளப்ப சோக் குமிழை இழுத்தால் அந்த நெம்புகோல் இறங்கிப் பெட்ரோலைக் கூட்டுமாம். குமிழை உள்ளே தள்ளினால் அது மேலே ஏறிவிட வேண்டும். கயிறு அதைப் பாதியிலேயே பிடித்து வைத்திருந்தது. ஆறு வாரமாகக் கார் தேவைக்கு மேல் பெட்ரோல் குடித்துப் புகையாகக் கக்கிக்கொண்டிருந்தது.

கை வீங்கினால் முதலில் நாம் போட்ட கட்டைத்தான் பார்க்க வேண்டும். எனக்குப் பயிற்சியின் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது இது. கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வெட்டாதீங்கக்கா! சாமி கயிறு!"

கொண்டை ஊசியால் கால் மணி நேரம் நோண்டி முடிச்சை அவிழ்த்தாள். நெம்புகோல் 'டக்'கென்று மேலே ஏறியது. பிளக்குகளைத் துடைத்து மாட்டிக் கிளப்பினாள். நடுக்கம் இல்லை.

"நாலு பிளக்கையும் ஆறு தடவ தொடச்சேனேக்கா! கட்டினவ நானே!" என்று தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தரை ஈரம், எழுந்திரு என்றேன். கேட்கவில்லை.

மறுநாள் வண்டி தேறியது. கயிறு இப்போது உள்ளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் தொங்குகிறது.

சனிக்கிழமைதோறும் என்னை ஏற்றிக்கொண்டு வண்டியை நேராக ஷங்கரின் சிமெண்டு மேடையில் ஏற்றி நிறுத்துகிறாள். அளவு கச்சிதம்.

"இங்க நிறுத்தாதக்கா, வாசல அடைக்குது!"

"எனக்குன்னுதானடா போட்ட? பூச்செடி எங்க?"

முதல் வாரம் அவன் வீம்புக்கு ஒரு ரோஜாத் தொட்டியைத் தூக்கி பானட்டின் மேல் வைத்தான். அவள் உள்ளே கைவிட்டு எஞ்சினைக் கிளப்பினாள். தேநீர் குடித்து முடிக்கும் வரை வண்டி ஓடிக்கொண்டே நின்றது. தொட்டியில் ஓர் இலைகூட ஆடவில்லை.

கடையில் இருந்தவர்கள் படம் எடுத்தார்கள்.