திரிபுரசுந்தரி வீட்டுத் தண்ணீர்

பொழிச்சலூரில் எங்கள் அடுத்த வீட்டுத் திரிபுரசுந்தரிக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைப்பூச்சி. அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்துவேன்.

எண்பத்தாறில் அவள் கணவர் யக்ஞநாராயணன் வீடு கட்டி போர் போட்டார். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே அழுகின முட்டை நாற்றமும் வந்தது. எங்கள் வீட்டிலும் அதே லட்சணம்தான். மனிதர் ஒப்புக்கொண்டால்தானே? "கந்தக ஜலம், உடம்புக்கு நல்லது. அவனவன் ரயிலேறிப் போய்க் குளிச்சுட்டு வரான்" என்றார். குடிக்க மட்டும் பஞ்சாயத்துக் குழாயிலிருந்து அவள் குடம் குடமாகச் சுமந்தாள். மற்றதெல்லாம் போர் தண்ணீர்தான். நாளாவட்டத்தில் எல்லோருக்கும் மூக்கு மரத்துவிட்டது.

ஒரே பெண் காமு. அந்தத் தண்ணீரில் குளித்துத்தான் காலேஜுக்குப் போனாள். கல்யாணமாகித் திருச்சிக்குப் போனவளை, சீமந்தம் முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். திரிபுரசுந்தரி அறைக்கு வெள்ளையடித்து, தூளிக்குக் கொக்கி மாட்டி வைத்திருந்தாள். பேரக்குழந்தையைத் தன் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். அவள் வாயைத் திறந்து சொல்லி நான் கேட்ட ஆசை அது ஒன்றுதான்.

வந்த பெண் கால் அலம்பக் குழாயைத் திறந்தாள். அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பிரயாண அலுப்பு என்றார் அப்பா. மறுநாள் குளிக்கப் போனபோதும் வாந்தி. திரிபுரசுந்தரி மணலும் கரியும் போட்டு வடிகட்டிப் பார்த்தாள். வெட்டிவேர் போட்டுக் கொதிக்க வைத்தாள்.

"இப்போ வெட்டிவேரும் முட்டையுமா நாறறதும்மா" என்று காமு அழுதாள். "நான் திருச்சியிலேயே பெத்துக்கறேனே."

"இந்த ஜலத்துலதானேடி வளர்ந்தே!" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"அப்போ தெரியலை மாமி. இப்போ முடியலை."

திரிபுரசுந்தரி என் கையைப் பிடித்து அடக்கினாள். அந்த வாரமே மாப்பிள்ளை வந்து அழைத்துப் போனார். யக்ஞநாராயணன் குழாயைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றுமே தெரியவில்லையே என்றார். பொய் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பேத்தி பிறந்தாள். பெயர் வைக்கும் நாளுக்கு இருவரும் திருச்சி போய்விட்டு வந்தார்கள்.

"குழந்தையைக் குளிப்பாட்டினியா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "சம்பந்தி மாமி குளிப்பாட்டிட்டா. துடைச்சு என் கையில கொடுத்தா. நான் மார்ல சாய்ச்சுண்டேன். காமு வந்து, 'அம்மா, உன் புடவையில நம்மாத்து ஜல நாத்தம் வரது, குழந்தையைக் கொடுத்துடு'ன்னா. கொடுத்துட்டேன்."

அவள் அரிசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அழுகைகூட வரலை மாமி" என்றாள்.

"விசேஷத்துக்குன்னு வாங்கின புதுப் புடவையோன்னோடி அது?"

"புதுசுதான். மடியா இருக்கணுமேன்னு ஒரு தரம் நனைச்சு உலர்த்தி எடுத்துண்டு போனேன்."