மூன்றாவது பை மண்

அருவருப்பு என்பது மனிதனுக்கு வளர்ப்பில் ஏற்படும் கோளாறு. அந்தக் கோளாறு இல்லாமல் பிறந்தவர்கள் உலகத்தில் மிகக் குறைவு. அடக்கமாகச் சொல்வதானால், அவர்களில் நான் முதல்வன். விடுதியின் பொதுக் கழிவறையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துத் தோற்றவன் நான்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கீழே வருவதைப் படித்துவிட்டு, எதையோ பார்த்து மிரண்ட பயல் என்று யாரும் என்னை நினைக்கக் கூடாது. ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. நடந்தது பட்டப்பகலில். பகலில் வரும் பேய்க்கு மரியாதை குறைவு என்று எனக்கும் தெரியும். அது வந்த நேரத்துக்கு நான் பொறுப்பில்லை.

நான் தொல்லியல் மாணவன். பிற்காலத்தில் இந்து மதமும் புத்த மதமும் பிறந்த நிலப்பரப்பில், அவை பிறப்பதற்கு வெகு முன்பே வாழ்ந்து மண்ணுக்குள் போன நகரம் ஒன்றை எங்கள் பேராசிரியர் தோண்டிக்கொண்டிருந்தார். அந்த ஜனங்கள் சுத்தத்தையே கும்பிட்டவர்கள் என்பது அவர் கட்சி. வீட்டுக்கு வீடு குளியலறை, கழிவறை. கழிவு இறங்க அடியில் ஆழமான குழி. வகுப்பில் இதைச் சொல்லும்போது, செங்கல்லைத் தானே சுமந்தது போல அவர் நெஞ்சு விடைக்கும்.

அப்படி ஒரு குழியின் மண் மூன்று பைகளில் எனக்கு வந்தது. தண்ணீரில் கரைத்து, சல்லடையில் அலசி, மிஞ்சுவதை எழுதிக் கொடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள். இந்தச் செய்முறைத் தாளில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தேன். இன்னொரு முறை தோற்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் மாமாவின் இரும்புக் கடைதான் என்று அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்.

மதியம் 2:05. ஆய்வுக்கூடம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. தரையின் மூலையில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அழுக்குத் தண்ணீர் அதன் வழியாகச் சுவருக்கு வெளியே உள்ள தொட்டிக்குப் போகும். துப்புரவு அக்கா வேலை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீரைக் கொட்டுவதற்கு முன் ஓட்டைப் பக்கம் குனிந்து, "தண்ணி வருது, தள்ளிக்கோ" என்றார். பிறகுதான் கொட்டினார்.

"யாருக்குக்கா சொல்றீங்க? எலிக்கா?"

"குழியில எறங்குற வேலை பாத்த குடும்பம் தம்பி நாங்க. கீழ ஆள் இருக்கானா இல்லையான்னு மேல இருந்து பாத்தா தெரியாது. நீங்களும் சொல்லிட்டு ஊத்துங்க. வாய் வலிக்காது."

எலிகளின் பெயர்ப் பட்டியல் கொடுத்தால் தனித்தனியாகக் கூப்பிடுவதாகச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. போய்விட்டார்.

முதல் பை, 2:10. காய்ந்த மண். வாசனையே இல்லை. சல்லடையில் மீன் முள்ளும் விதைகளும் மிஞ்சின. அலசிக்கொண்டே இடது கையால் பன் தின்றேன். கலங்கிய தண்ணீரை ஓட்டையில் ஊற்றினேன். மளமளவென்று இறங்கியது.

இரண்டாவது பை, 3:05. தண்ணீர் பட்டதும் நாற்றம் கிளம்பியது. நாலாயிரம் வருடத்து மண் நாறக் கூடாது. நாறினாலும் பழசாக நாற வேண்டும். இது... இன்று காலையில் இறங்கிய கழிவு போல நாறியது. மீதிப் பன்னைக் குப்பைக் கூடையில் போட்டேன். பசி இல்லை, அவ்வளவுதான்.

ஒரு வாளி ஊற்றினேன்.

ஓட்டைக்குள்ளிருந்து ஒரு செருமல். க்ஹும்... முகத்தில் தண்ணீர் பட்டவன் மூக்கைச் சிந்துவது போல.

குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது வாளி. இந்த முறை நன்றாகவே கேட்டது. தூ... தூ... பிறகு சுரண்டும் சத்தம். சரக்... சரக்...

3:25-க்கு வெளியே போய்ப் பார்த்தேன். தொட்டியின் சிமெண்ட் மூடி அசைந்ததாகத் தெரியவில்லை. அதன் விளிம்பைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. யாரும் இறங்கி வருடக்கணக்காகியிருக்கும்.

இரும்புக் கடையை நினைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

மூன்றாவது பை, 3:40. சின்னப் பை. மண் கொழகொழவென்று இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. கையுறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது. அலசிய தண்ணீரைச் சாய்த்தேன். இறங்கவில்லை. ஓட்டை அடைத்துக்கொண்டது. அத்தனை நேரம் ஊற்றியதெல்லாம் மேலே வந்தது. என் செருப்பு முழுகியது.

3:52. வேறு வழியில்லை. முட்டி போட்டு, முழங்கை வரை கையை விட்டேன்.

வழுவழுவென்று ஏதோ பட்டது. ஈரத் தோல். அதன் நடுவில் ஒரு பள்ளம். பள்ளம் நிறைய மண்.

இரண்டு விரலால் மண்ணைத் தோண்டினேன்.

ஓரத்தில் வரிசையாக... சின்னச் சின்னதாய்... கெட்டியாக...

பற்கள்.

உள்ளே நாக்கு இருந்தது.

அது நகர்ந்தது.

என் விரல் நுனியில், சூடாக, ஒரு மூச்சு. ஹாஆ...

தண்ணீர் முழுவதும் ஒரே இழுப்பில் இறங்கியது.

சுவர்க் கடிகாரத்தில் 3:54. அடுத்து என்னைப் பார்த்தபோது நான் மைதானத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பேராசிரியர் கூப்பிட்டார். கடையில் தராசு பிடிக்கத் தயாராகவே போனேன். அவரோ சல்லடையில் மிஞ்சியதைப் பார்த்து, எழுதித் தராமல் ஓடிப்போனாலும் வேலை சுத்தம் என்று தேர்ச்சி போட்டுவிட்டார். மூன்றாவது பை எங்கே எடுத்தது என்று கேட்டேன். அகழாய்வுப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். குழியின் அடியில் ஓர் எலும்புக்கூடு. நின்ற நிலை. முகம் மேல்நோக்கி.

"குழியைச் சுத்தம் பண்ண எறங்கினவன். மேல இருந்தவங்க பாக்காம ஊத்திட்டாங்க போல. மூணாவது பை, அவன் வாய்க்குள்ள இருந்த மண்ணு."

"முதல் ரெண்டு பை சார்?"

"அவன் தலைக்கு மேல இருந்தது. அந்த வீட்டுக்காரங்க குழியை மாத்தவே இல்லப்பா. அதுக்கப்புறமும் ஒரு முப்பது வருஷம் அதையேதான் உபயோகிச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு அவர் தேநீரைக் குடித்தார். அந்த வீட்டில் இரண்டு குளியலறைகள் என்றும் சொன்னார்.

கையை எத்தனை சோப்பு போட்டுக் கழுவினேன் என்று கணக்கில்லை. நாற்றம் என் கையில் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அந்த முப்பது வருடத்தில் இருக்கிறது.

இப்போது விடுதியில் காலையில் நான் கழிவறைக்குள் அதிக நேரம் எடுத்துக்கொள்வதாக அறைத் தோழன் புகார் சொல்கிறான். உள்ளே யாருடன் பேசுகிறாய் என்று கதவைத் தட்டுகிறான். பாட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

குனிந்து, அவனுக்குக் கேட்காத குரலில் சொல்கிறேன். தள்ளிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கொடுக்கிறேன். பிறகுதான் ஊற்றுகிறேன்.