ஷாஃப்டில் போட்ட வெள்ளைக் கோடு

அன்று அனகாபுத்தூர் பட்டறையில் இருந்தது மூன்று பேர்தான்: நான், என் மச்சான், ஆக்ஸில் மெக்கானிக். மெக்கானிக் ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் பெயிண்ட் பிரஷ் செருகியிருப்பார்.

என் பழைய கார் வாரநாளில் மகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும், ஞாயிறன்று நேர்ரோட்டில் சீறிப்பாயும் டிராக் ரேஸில் ஓடும். போன ரேஸில் கிளம்பும்போதே பின் ஆக்ஸிலின் ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டு, முறிந்து சக்கரம் கழன்று ஓடிவிட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான், இதெல்லாம் ஏன் முறிகிறது என்று புரியாது, அதனால் எதற்கும் பயம். அதிலிருந்து தூக்கமே இல்லை.

"லேசான ஆக்ஸிலா போடுங்கண்ணா, அப்பத்தான் ஜெயிக்கலாம்" என்றான் மச்சான்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். "வண்டில யார் சார் குந்துவாங்க?"

"என் பொண்ணு."

"அப்பால இன்னா பேச்சு? கனமானதையே போடு. இதுல ஷாஃப்ட் துண்டா போனாலும் வீல் கழலாது. அரை செகண்டு லேட்டா போனா குடி முழுகிடுமா?"

மாட்டுவதற்கு முன் புது ஷாஃப்டின் நீளத்துக்கும் வெள்ளைக் கோடு இழுத்தார். இரும்பு முறுக்கிக்கொண்டால் கோடும் வளையும்.

"ரேஸ் முடிஞ்சு வண்டிய எட்த்துகினு வா சார். கோடு நேரா கீதுன்னா பாக்கியக் குடு. வளைஞ்சா வாணாம்."

அந்த ஞாயிறு ரேஸில் ஜெயித்தேன். பட்டறையில் ஷாஃப்டை உருவிப் பார்த்தால், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் கோடு அப்படியே இருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவரோ, "ஒரு ரேஸ்ல இன்னா தெரியும்? இன்னொன்னு ஓட்டிட்டு வா" என்றார்.

நான்கு ரேஸ் ஆகிவிட்டது. கோடு இம்மியும் வளையவில்லை. மகளோடு தாம்பரம் மேம்பாலத்தில் நான் நிம்மதியாகப் போகிறேன். என்னைவிடப் பயந்த ஒரு மனிதர் இருப்பார் என்று நினைத்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் பணத்தை நீட்டுகிறேன், அடுத்த ரேஸ் ஆகட்டும் என்கிறார். இன்னும் அவருக்கு நான் தர வேண்டியது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.