ஏழு சக்கர டாங்கி

வீரய்யாவை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவனைத் தூக்கிவைத்து எழுதினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அக்கரப்பத்தனைப் பக்கம் கரடிப்பாறைத் தோட்டத்தில் அவன் தொழிற்சாலைத் தச்சன். நான் ஆபீஸ் கிளாக்கர், பெயர் இக்னேசியஸ். என் மேசைக்கு ஒரு லாச்சி செய்து கொடுத்தான். இழுத்தால் வராது, வந்தால் உள்ளே போகாது. கேட்டதற்கு, "இழுக்கத் தெரியணும்ங்க" என்றான். வெற்றிலைச் சாற்றை ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் கீழேதான் துப்புவான். மரியாதைச் சொல்லெல்லாம் வாயில் இருக்கும், முகத்தில் இருக்காது.

அவனும் தம்பி சின்னத்தம்பியும் இதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்கள். சண்டைக் காலத்தில் இருவரும் கொழும்புக்குப் போய்ப் பயனியர் படையில் சேர்ந்தார்கள். கப்பலேறி ஆபிரிக்கப் பாலைவனத்தில் இறங்கி, வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் பெட்டி சுமந்தார்கள், குழி வெட்டினார்கள். நாற்பத்திரண்டில் ஒரு மத்தியானம் ஜெர்மன்காரனுடைய டாங்கி ஒன்று மணல்மேட்டில் ஏறிவந்து சுட்டது. அண்ணன் பிழைத்தான். தம்பியைப் புதைக்க அதிகம் மிஞ்சவில்லை. மறுநாள் அந்த டாங்கியும் எரிந்து கிடந்ததாம். வீரய்யா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பீரங்கிக் குழலையும் சக்கரத்தையும் ஆணியையும் எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். எதற்கு எண்ணினான் என்று அவனுக்கே தெரியாது.

சண்டை முடிந்து திரும்பி வந்தவனுக்குத் தச்சுப் பட்டறை வேலை கிடைத்தது. நாற்பத்தொன்பதில் அப்போதைய துரை, தொழிற்சாலை வாசலுக்குள் இடதுபக்கச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு பதிக்கச் சொன்னார். போரில் உயிர் கொடுத்த இத்தோட்டத்தாரின் நினைவாக என்று இங்கிலீஷில் எழுதி, கீழே இரண்டு பெயர். இரண்டும் துரைக்குக் கீழே வேலை பார்த்த வெள்ளைக்காரச் சின்னதுரைமாருடையவை. தகட்டுக்குத் தேக்குப் பலகை இழைத்து, நான்கு திருகாணி போட்டு மாட்டியவன் வீரய்யா. மாட்டி முடித்ததும் என்னிடம் வந்து, எழுதியிருப்பது என்ன என்று கேட்டான். சொன்னேன்.

"அப்ப எந்தம்பி இந்தத் தோட்டத்தான் இல்லியா?" என்றான். எனக்கு அன்று வேலை அதிகம். எழுந்து போய்விட்டேன்.

ஐம்பத்து மூன்றில் ரென்விக் துரை வந்தார். நல்ல உயரம், சிவந்த கழுத்து, எடுத்ததற்கெல்லாம் பிரம்பால் மேசையில் தட்டும் பழக்கம். பங்களா முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி வைத்திருந்தார். அதற்குள் விரல் நீளத்தில் ஈயத்தில் வார்த்த டாங்கிகள், சீமையிலிருந்து தபாலில் வரவழைத்தவை. எல்லாம் ஜெர்மன் டாங்கிகள். தோற்றவனுடைய வண்டியை எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பாலைவனத்தில் நான் அடித்து நொறுக்கியவை என்பார். டாங்கிப் படையில் அதிகாரியாக இருந்தாராம். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு கதை உண்டு. நுவரெலியா கிளப்பில் துரைமார் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள் என்று பங்களா ஆட்கள் சொல்வார்கள்.

அடுத்த வருடம் ஒருநாள் ஒரு டாங்கியின் குழல் ஒடிந்துவிட்டது. ஒட்டித் தர வீரய்யாவைப் பங்களாப் பின்வாசலுக்குக் கூப்பிட்டார்கள், மொழிபெயர்க்க என்னை. அவன் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் பார்த்த வண்டிக்குக் குழல் இதவிடக் கட்டைங்க. தலையும் இவ்வளவு உருண்டையா இருக்காது" என்றான்.

துரையின் முகம் மாறியது. நிஜ வண்டியைத் தொட்டுப் பார்த்த தச்சன் கையருகில் இருக்கிறான், விடுவாரா? முழங்கை நீளத்தில் பெரியதாகச் செய்து கொடு, இதைப்போல எவனுடைய அலுமாரியிலும் இருக்கக் கூடாது என்றார்.

"செஞ்சு தாறேன். அந்தத் தகட்டுல எந்தம்பி பேரயும் வெட்டிப் போடச் சொல்லுங்க. வேறெதுவும் வேணாம்" என்றான் வீரய்யா.

நான் சொன்னேன். துரை சிரித்தார். "மூட்டை தூக்கினவன் சிப்பாய் இல்லை. நான் அங்கே இருந்தவன், எனக்குத் தெரியும்" என்றார். பிறகு அலுமாரியைக் காட்டி, "இது நிறையட்டும், பார்க்கலாம்" என்றார். அந்தப் "பார்க்கலாம்" என்ற சொல்லை ஒன்பது வருடம் நான் தமிழாக்கினேன்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையில் உடம்பு. பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளை உருக்கிக் குழலும் சக்கரமும். பழைய சைக்கிள் சங்கிலியில் சக்கரப் பட்டை. முதல் டாங்கியை எடுத்துக்கொண்டு இருவரும் பங்களாவுக்குப் போனோம். துரை அதைக் கையில் ஏந்தி நெடுநேரம் பார்த்தார், ஓரிடத்தையும் விடாமல் தடவினார், பிரமாதம் என்றார். வீரய்யா டாங்கியைப் பார்க்கவில்லை, துரையின் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றான். இறங்கி வரும்போது, "ஒண்ணும் சொல்லலியேங்க" என்றான். பிரமாதம் என்றாரே, காது கேட்கவில்லையா என்று எரிந்து விழுந்தேன்.

அவன் மனைவி பேச்சியம்மா கொழுந்தெடுப்பவள், வாயாடி. லயத்து வாசலில் அவன் ஈயம் உருக்கும்போதெல்லாம் பத்துக் காம்பரா வீட்டுக்கும் கேட்கும்படி திட்டுவாள். "கூடப் பொறந்தவன தின்ன சனியன ஒங்கையாலயே செஞ்சு எண்ண தடவுறியே, ஒனக்கு வெக்கமாயில்ல? அந்தாளு பேரு போடுவான்னு நம்புறியா?"

"போட்டா தம்பி பேரு நிக்கும். போடாட்டி அந்தாளு யாருன்னு எனக்குத் தெரியும். நீ போயி அடுப்பப் பாரு" என்பான் அவன்.

இப்படிப் பதினொரு டாங்கிகள் ஆயின. அலுமாரி நிறைந்தது, துரை இன்னொரு அலுமாரி செய்யச் சொன்னார். அதையும் வீரய்யாவே செய்தான். அதன் கதவு மட்டும் வழுக்கிக்கொண்டு திறந்ததைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது.

அறுபத்து மூன்றாம் வருடம் ஆயுத பூசை. அன்று தோட்டத்தில் மெஷின் ஓடாது. ரோலரையும் டிரையரையும் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போடுவார்கள். துரை வந்து நின்று தேங்காய் உடைப்பதைப் பார்ப்பது வழக்கம். அந்த வருடம் சீமையிலிருந்து ஒரு விருந்தாளி வந்திருந்தார். ஒரு கால் விறைத்துப்போன பழைய பட்டாளத்து அதிகாரி. பூசையையும் காட்டி, தன் பெருமையையும் காட்டிவிடலாம் என்று துரை பதினொரு டாங்கிகளையும் தொழிற்சாலைக்கு இறக்கி, பெட்டி கட்டும் மேசையில் வரிசையாக வைக்கச் சொல்லியிருந்தார்.

ரோலர்காரன் அழகுமுத்துவிடம் சந்தனக் கிண்ணம் இருந்தது. தொழிற்சாலைக்குள் அன்று சக்கரம் உள்ள எதையும் பொட்டில்லாமல் விடக் கூடாது; விட்டால் வருடம் முழுக்கக் கையைக் கடிக்கும் என்பது அவர்கள் எண்ணம். அவன் மேசையைப் பார்த்தான். இதுவும் வண்டிதானே என்று ஒவ்வொரு டாங்கியின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டான்.

துரை உள்ளே வந்தார். கழுத்து குங்கும நிறமாயிற்று. மிருகங்களே என்று தொடங்கி அவர் கத்தியதை இங்கே எழுத மாட்டேன். விருந்தாளி மட்டும் சிரித்தபடி கைத்தடியை ஊன்றிக் குனிந்தார். தடி நுனியால் பொட்டு பொட்டாகத் தொட்டு எண்ணினார். அடுத்த டாங்கிக்குப் போய் அதையும் எண்ணினார்.

"ஏழு" என்றார். "ரென்விக், இந்த வண்டிக்குப் பக்கத்துக்கு எட்டுச் சக்கரம். அப்படி ஒரு வண்டிதான் என் காலைக் கெடுத்தது. நீ பாலைவனத்தில் இருந்தவன், ஒன்பது வருடமாக ஏழு சக்கரத்தை வைத்துக்கொண்டா இருக்கிறாய்?"

துரை வீரய்யாவின் பக்கம் திரும்பி, "இந்த முட்டாளுக்கு எண்ணத் தெரியாது. கேள், ஏன் ஏழு வைத்தான் என்று கேள்" என்று என்னிடம் கத்தினார்.

கேட்டேன். வீரய்யா தோளில் இருந்த துண்டை எடுக்காமலே பதில் சொன்னான்.

"தெரிஞ்சேதான் வச்சேன். மொத வண்டியிலயே வச்சேன். அங்க இருந்த ஆளா இருந்தா அன்னைக்கே கேட்டிருப்பாரு. எந்தம்பி சிப்பாயி இல்லேன்னு சொல்ல இவரு யாரு? இப்படியே சொல்லுங்கய்யா."

அந்த இடத்தில் நான் செய்ததுதான் இத்தனை நாளாக என்னை அரிக்கிறது. "தவறிவிட்டது, மன்னிக்கச் சொல்கிறான்" என்று மொழிபெயர்த்தேன். என் வேலை, என் வீடு, என் பிள்ளைகள் எல்லாம் அந்த நொடியில் கண்முன் நின்றன. பயந்துவிட்டேன்.

வீரய்யா என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு படையில் பொறுக்கிய அரைகுறை இங்கிலீஷில் தானே சொன்னான்: நான் ஏழு வைத்தேன், இவர் பார்க்கவில்லை, இவர் அங்கே இல்லை.

விருந்தாளி துரையைப் பார்த்தார். எந்தப் படைப் பிரிவு என்று மெதுவாகக் கேட்டார். துரை டாங்கிகளைப் பெட்டியில் அடுக்கச் சொல்லி அழகுமுத்துவைப் பார்த்துக் கத்தினார். விருந்தாளி சிரித்துக்கொண்டே நொண்டி நொண்டி வெளியே போனார். அவருக்கு அது சிரிப்பு, அவ்வளவுதான். தகட்டையோ சின்னத்தம்பியையோ பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் வீரய்யாவை வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டை நான்தான் டைப் அடித்தேன். தொழிற்சங்கத் தலைவர் வழக்குப் பேசலாம் என்றார், அவன் கேட்கவில்லை. லயத்தைக் காலி செய்யும் நாளில் உளி, வாள் முதலான தன் ஆயுதங்களை எடுக்க வேண்டுமென்று தொழிற்சாலைக்கு வந்தான். கூடப் போய்க் கண்காணிக்கும்படி துரை எனக்குச் சொல்லியிருந்தார். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ரோலர்கள் முழு இரைச்சலில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியோடு வெளியே வந்தவன், "நல்லா காவல் காத்தீங்கய்யா" என்று மட்டும் சொன்னான். பித்தளைத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போகிறானோ என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். தகடு இருந்தது, நான்கு திருகாணியும் இருந்தன. வட்டவளையில் மனைவியின் அக்காள் வீட்டுக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அறுபத்தைந்தில் தோட்டம் கைமாறியது. ரென்விக் டாங்கிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு கப்பலேறினார். அந்த ஏழு சக்கரங்களை இப்போது எங்கே யாருக்குக் காட்டுகிறாரோ. புதிதாக வந்த சிங்களத் துரை பித்தளைத் தகட்டைப் பார்த்து, வெள்ளைக்காரன் பெயர் இனி இங்கே எதற்கு, பழைய பித்தளையோடு போடு என்றார். புதுத் தச்சன் திருகாணிகளைக் கழற்றித் தகட்டை எடுத்தான். அதன் பின்னால் தேக்குப் பலகையில் உளியால் ஆழமாக, ஒரு முழ நீளத்துக்கு, ஒரே பெயர் வெட்டியிருந்தது: சின்னத்தம்பி.

சுவரில் இப்போது அது ஒன்றுதான் இருந்தது. துரை என்னைக் கூப்பிட்டு, என்ன எழுதியிருக்கிறது, பலகையையும் கழற்றச் சொல்லவா என்று சிங்களத்தில் கேட்டார்.

"போரில் செத்த இந்தத் தோட்டத்துச் சிப்பாய் ஒருவனுடைய பெயர், ஐயா. கழற்றக் கூடாது" என்றேன்.