அரவேணுவில் ஒரு நாய்க்குட்டி விண்ணப்பம்

செவ்வாய்க்கிழமை காலை 6.10. கோவை, மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையம். என் மடியில் மூடி போட்ட பிரம்புக் கூடை, அதற்குள் ஒரு பழைய துண்டு. பக்கத்து இருக்கைக்காரர் கூடையைப் பார்த்து, “கோழிங்களா?” என்றார். “இன்னும் ஒன்றும் இல்லை” என்றேன். துல்லியமான பதில்தான். ஆனால் அவர் மேட்டுப்பாளையம் வரை என்னோடு பேசவில்லை.

வருவாய்த் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். மனைவி சரோஜா தவறிப்போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மகள் மெல்போர்னில். வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே எதுவும் எழுந்து வருவதில்லை. அதனால்தான் நாய்க்குட்டி.

தேர்வு முறைப்படி நடந்தது. கூண்டில் வைத்து விற்கும் கடைகளை விலக்கினேன். தாய் நாயைக் காட்ட மறுத்தவர்களை விலக்கினேன். “பார்சல் வேன்ல ஏத்தி விட்டுடறோம் சார்” என்றவரிடம் மறுபடி பேசவே இல்லை. எஞ்சியவர் அரவேணு பிரேமா. தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வீட்டில் ஒரே ஒரு லேப்ரடார் வளர்ப்பவர். “அம்மா நாயைப் பாக்கலாம், ஊட்டைப் பாக்கலாம். நாங்களும் உங்களைப் பாக்கோணுமில்லீங்களா” என்று போனில் சொன்னார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

7.40. மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பேருந்து. அரவேணு இங்கிருந்து ஏறக்குறைய இருபத்தேழு கிலோமீட்டர். மலைக்குப் போக இ-பாஸ் வேண்டும். பேருந்துப் பயணிகளுக்கு வேண்டியதில்லை. வேண்டியதில்லை என்று சொல்லும் அறிவிப்பின் நகலைப் பையில் வைத்திருந்தேன். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் அதை யாரும் கேட்கவில்லை. மலையில் தடை என்று என் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். “படிச்சவங்கதான் சார் பாட்டிலோட வர்றது” என்றார் நடத்துநர், என்னைப் பார்க்காமலே.

அதற்கு மேல் காற்று மாறியது. பலா மரங்கள் பின்தங்கி, சில்வர் ஓக் தொடங்கியது. சரோஜா இந்த இடத்தில்தான் சால்வையை எடுப்பாள். நான் “இன்னும் குளிரவில்லையே” என்பேன். இம்முறை அதைச் சொல்ல ஆள் இல்லாமல் குளிர்ந்தது. பையில் வைத்திருந்த அவள் சால்வையை நானே போர்த்திக்கொண்டேன்.

9.15. அரவேணு. பதினைந்து ரூபாய்க்கு நல்ல தேநீர். தேயிலைச் சரிவில் அரை கிலோமீட்டர் இறங்கினால் தகரக் கூரையும் பச்சைக் கதவுமாகப் பிரேமாவின் வீடு. செருப்பைக் கழற்றி, கை கழுவிய பிறகே உள்ளே விட்டார்.

குட்டிகள் சமையலறையில் இருந்தன. ஐந்து. அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறக் கம்பளி நூல். குக்கர் விசிலடித்தது, ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“பொறந்ததுல இருந்து கேக்குதுங்களே” என்றார் பிரேமா. “மிக்சி, குக்கர், எங்க ஊட்டுக்காரரோட இருமல், எல்லாம் பழக்கம். தினமும் ஒருத்தனைத் தூக்கிட்டுப் போயி பஸ் ஸ்டாப்புல மடியில வச்சு உக்காந்துக்குவேன். குடையை விரிச்சுக் காட்டுவேன். ரெயின்கோட் போட்ட ஆளைக் காட்டுவேன். இதெல்லாம் இந்த எட்டு வாரத்துக்குள்ள பாக்காத குட்டி, பின்னால குடையைப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில போயிக்கும்.”

என்னிடம் பதினான்கு கேள்விகள் இருந்தன. தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டு இருந்தது. குடற்புழு மருந்து கொடுத்த தேதிகள் இருந்தன. லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் என்று தாய் நாயின் இடுப்பு எக்ஸ்ரே கேட்டேன், அதிலாவது பிரேமா தோற்கட்டும் என்ற நப்பாசையில். பீரோவுக்கு மேலிருந்து எடுத்து நீட்டினார். தாய் செல்லி என் காலை முகர்ந்துவிட்டு, அதன் மேலேயே படுத்துக்கொண்டது. என் பதவிக் காலத்தில் ஒரு கோப்பு இவ்வளவு சுத்தமாக என் மேசைக்கு வந்ததில்லை.

“இப்பக் கீழ உக்காருங்க சார். எதையும் கூப்பிடாதீங்க. எது வருதுன்னு பாப்பம்.”

இருபது நிமிடம் தரையில் உட்கார்ந்தேன். முட்டி அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது. மஞ்சள் நூல் கட்டியவன் வந்தான். என் வேட்டி ஓரத்தைச் சற்று மென்றான். பிறகு உள்ளங்கையில் மோவாயை வைத்துத் தூங்கிப்போனான். அந்தச் சூடு மணிக்கட்டு வரை ஏறியது. கையை எடுக்காமல் இருந்தேன். அவ்வளவு நேரம் நான் எதையும் சரிபார்க்காமல் இருந்தது அண்மைக் காலத்தில் நடந்ததில்லை.

“அவன் முடிவு பண்ணிட்டானுங்க” என்று சொல்லி, பிரேமா ஒரு படிவத்தை நீட்டினார். ஏழு கட்டங்கள். படிவத்தைக் கண்டதும் எனக்குத் தெம்பு வந்தது. இடது கையில் குட்டி தூங்க, வலது கையால் மளமளவென்று நிரப்பிக் கொடுத்தேன்.

ஏழாவது கட்டம்: நீங்கள் இல்லாதபோது நாயைப் பார்ப்பவர், உறவு, போன் எண்.

“சரோஜாங்கறது வீட்டம்மாங்களா? ஒரு வார்த்தை பேசிடறேன்” என்று பிரேமா எண்களை அழுத்தினார். என் பைக்குள் சரோஜாவின் போன் அடித்தது.

நாற்பது ஆண்டுகளாக, எந்தப் படிவத்திலும் அந்த மாதிரிக் கட்டத்தைக் கண்டால் என் கை அந்தப் பெயரைத்தான் எழுதும். எழுதிவிட்டது. எண்ணை ரத்து செய்ய விண்ணப்பம் உண்டு, எனக்குத் தெரியும். நான் மூன்று மாதத்துக்கொருமுறை ரீசார்ஜ் செய்து வருகிறேன்.

போன் அடித்து ஓய்ந்தது. சரோஜா இறந்துவிட்டதைச் சொன்னேன்.  பிரேமா எனக்கு ஒரு டம்ளர் தேநீர் வைத்தார். நான் பெயரின் மேல் ஒரே கோடு கிழித்துச் சுருக்கொப்பமிட்டேன். அதுதான் முறை.

“வேற பேரு எழுதுங்க சார்.”

“இல்லை.”

“பக்கத்துல யாருமே இல்லீங்களா?”

இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லத்தான் முடிந்தது.

“உங்களால முடியலைன்னா நாயை நானே திரும்ப வாங்கிக்குவனுங்க, எத்தனை வருசம் ஆனாலும். ஆனா அதை இங்க கொண்டாந்து உடறதுக்காவது ஒரு ஆள் வேணுமில்லீங்களா? நீங்க ஆஸ்பத்திரில படுத்துட்டா, பூட்டின ஊட்டுக்குள்ள அது எத்தனை நாளைக்குக் கத்தும்?” குட்டியை என் கையிலிருந்து மெல்ல எடுத்தார். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் இவனை யாருக்கும் குடுக்க மாட்டேன். ஒரு பேரோட வாங்க.” புதிய படிவம் ஒன்றும் தந்தார்.

ஒரு கட்டம் காலி என்பதற்காக நான் திருப்பி அனுப்பிய மனுக்கள் எத்தனையோ. அந்த மனுதாரர்கள் யாருக்கும் நான் தேநீர் கொடுத்ததில்லை.

12.30. ஏற்பாடு செய்திருந்த வாடகைக் காரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, இறங்கும் பேருந்தில் ஏறினேன். கூடை எடையில்லாமல் வளைவுக்கு வளைவு மடியில் நகர்ந்தது. உள்ளங்கையில் இன்னும் பால் மணம். சரோஜாவின் போனை எடுத்துப் பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். பதினான்கு மாதத்தில் முதல் முறை. பால் மணி. தேய்ப்பு முருகேசன். பூக்காரம்மா. கேஸ் தம்பி. கீழ்வீடு உமா. என் போனில் இருப்பவை ஓய்வூதிய அலுவலகமும் மகளும். கீழ்வீட்டில் இருப்பவர் பெயர் உமா என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முள்ளூர் தாண்டி அதே போனிலிருந்து உமாவை அழைத்தேன். எடுத்தார்கள், பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்தப் பக்கத்துத் திரையில் யாருடைய பெயர் தெரிந்திருக்கும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

“மேல்வீட்டிலிருந்து பேசுகிறேன்” என்றேன் அவசரமாக.

“தெரியுதுங்க சார்.” என்றார் உமா. “அக்கா பேரு வந்ததும் அடுப்பை அணைக்காம ஓடியாந்துட்டேன். சொல்லுங்க.”

மன்னிப்புக் கேட்டு, நாய்க்குட்டி, ஏழாவது கட்டம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

“இப்ப வாங்கறீங்களாக்கும்” என்றார் உமா. “பத்து வருசமா அக்கா கேட்டாங்களாமே. மாடி வீட்டுல நாய் வளக்கறதுக்கு இத்தனை விதி இருக்குதுன்னு தாள்ல எழுதியே குடுத்தீங்களாம். என்கிட்டக் காட்டிச் சிரிச்சாங்க.”

 விதிகள் உண்மையானவை.

“எம் பேரை எழுதிக்கங்க சார். ஒரு சாவியும் குடுத்துருங்க. நாய்க்காகத்தான்.”

பேருந்து ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிர் லாரிக்காக நின்றது. அந்த இடைவெளியில் படிவத்தைக் கூடை மேல் வைத்து எழுதினேன். பெயர்: உமா. உறவு: ‘அண்டை வீட்டார்’ என்பதுதான் முறையான சொல். ‘சரோஜாவின் சிநேகிதி’ என்று எழுதினேன். லாரி கடந்து போனது. மேட்டுப்பாளையத்து வெக்கை சன்னல் வழியே ஏறத் தொடங்கியபோது, சால்வையை இன்னும் கழற்றாமல் இருந்தேன்.