முறுக்கு பிழியாத மெஷின்

என் கணவருக்குத் துப்பாக்கி சுடும் ஆசை எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சிங்கப்பூர் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. கரப்பான் பூச்சியை அடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர், கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டையில் வரைந்த வட்டங்களைச் சுட்டுவிட்டு வந்தார். அந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறியபோது ஓர் இரும்பு யந்திரத்தை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு கொஞ்சம் உப்பிவிடும். மறுபடி பயன்படுத்த வேண்டுமானால் அதைப் பழைய அளவுக்கு இறுக்க வேண்டும். அதற்குத்தான் அந்த யந்திரம். தலைப்பக்கம் 'டை' என்று ஓர் எஃகுக் குழாய், கீழே கூட்டை நிறுத்த ஒரு பிடி, பக்கத்தில் நீளமான கைப்பிடி. அழுத்தினால் கூடு குழாய்க்குள் ஏறி, இறுகி, இறங்கி வரும். வெடிமருந்து நிரப்புவதெல்லாம் கிளப்பிலேயே, பொறுப்பானவர் கண்முன்னால். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பிஸ்கட் டின் நிறைய வெற்றுக் கூடுகள் மட்டும்.

குவீன்ஸ்டவுனில் அப்போதுதான் எங்களுக்கு வீடு கிடைத்திருந்தது. சிராங்கூன் ரோட்டு இரும்புக் கடையில் போல்ட் வாங்கி வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சாப்பாட்டு மேசையில் ஓட்டை போட்டு யந்திரத்தை அதில் பொருத்தினார். நானும் சும்மா இருக்கவில்லை. கூடுகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். குத்துவிளக்கு மாதிரி பளபளத்தன.

கூட்டுக்கு மேலே லேசாக எண்ணெய் தடவ வேண்டும் என்று கூடவந்த தாளில் இருந்தது. இவர் தாளைப் படிக்காமலே முதல் கூட்டை உள்ளே ஏற்றினார். போனது போனதுதான், திரும்பி வரவில்லை. இவர் கைப்பிடியில் தொங்க, மேசையின் மறுபக்கம் எழும்பியது. மேலே இருந்த சாம்பார்ச் சட்டி, தட்டு, டம்ளர் எல்லாம் சரிந்து தரைக்கு வந்தன.

அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் அரசாங்க ஆபீசில் கிளார்க். வாசல் திறந்திருந்தால் உள்ளே வர அவருக்கு அழைப்புத் தேவையில்லை. தரையில் ஓடும் சாம்பாரைத் தாண்டி வந்து யந்திரத்தையும் நாற்காலியில் இருந்த டின்னையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதென்ன தங்கச்சி?"

துப்பாக்கி என்ற சொல்லை எடுத்தால் சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிடும் என்று இவருக்குப் பயம். கண்ணால் ஜாடை காட்டினார். எனக்கோ மேசையில் ஓட்டை போட்ட கோபம் இன்னும் ஆறவில்லை.

"முறுக்கு பிழியிற மெஷின்க்கா. இங்கிலீஷ்காரன் செஞ்சது. இவருக்கு முறுக்குன்னா உசிரு."

அக்கா மாவை எங்கே போடுவது என்று கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அந்த பார்ட்ஸ் இன்னும் வரல லா அக்கா. கப்பல்ல வருது" என்றார்.

அதிலிருந்து படிக்கட்டில், மார்க்கெட்டில், எங்கே பார்த்தாலும் கப்பல் வந்துவிட்டதா என்று அக்கா விசாரித்தார். இவரும் சளைக்கவில்லை. ஒருநாள் கப்பல் கொழும்பில் நிற்கிறது, இன்னொரு நாள் பினாங்கில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாட்டிக்கொண்ட கூட்டைக் கிளப்பில் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். எண்ணெயின் அளவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஒரு தடவை நான் தாராளமாகத் தடவிவிட, கூடுகளின் கழுத்துக்குக் கீழே இருக்கும் தோளெல்லாம் நசுங்கிப் போயிற்று. தோசைக்கல்லுக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றிவிட்டாயே என்று இவர் முணுமுணுத்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம், இவர் மேசையில் உட்கார்ந்து கிளப் போட்டிக்குக் கூடு இறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றார். கையில் பெரிய பேசின். உள்ளே ஈரத்துணி போட்டு மூடிய முறுக்கு மாவு.

"கப்பல் சிங்கப்பூருக்கு வந்திட்டுதாம். எங்கட அவர் சொன்னவர்" என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல். "பிழிஞ்சு காட்டுங்கோ, பாப்பம்."

இவர் கையிலிருந்த கூட்டை மடிக்குள் ஒளித்தார். நான் அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல் நகரப் பார்த்தேன். அக்கா பேசினை மேசையில் வைத்தார், டின்னுக்குள் கைவிட்டு ஒரு கூட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எங்கட அப்பா துவக்கோட வன்னிக் காட்டுக்கு வேட்டைக்குப் போறவர். தோட்டாக் கோதைக் கண்டா எனக்குத் தெரியாதே? முதல் நாளே கண்டுபிடிச்சிட்டன். எத்தனை ஊருக்குக் கப்பல் விடுறியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க இன்னும் வந்தது. கடைசியில் இவரும் சிரித்தார். காது மட்டும் சிவந்தே இருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தானும் ஒருமுறை கைப்பிடியை அழுத்திப் பார்க்க வேண்டும் என்றார். ஒன்று என்று ஆரம்பித்தவர் டின்னை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மாவை நானும் அவரும் எங்கள் வீட்டு மர முறுக்கு உரலில் பிழிந்து பொரித்தோம்.

போட்டி நாளன்று நானும் வருவேன் என்று அக்கா நின்றார். அவருடைய கணவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாராம். நாங்கள் மூவரும் பஸ் ஏறிப் போனோம். மைதானத்தில் பட்டுச் சேலையும் குடையுமாக அக்கா முன்வரிசையில் உட்கார்ந்தார். இவர் தரையில் படுத்து, மூச்சைப் பிடித்து, சுட்டார். தூரத்தில் இருந்தவர்கள் கொடியை ஆட்டினார்கள். அட்டையிலேயே படவில்லையாம். அடுத்ததும் அப்படியே.

அக்கா குடையைச் சாய்த்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"கோதிலயும் பிழையில்லை, துவக்கிலயும் பிழையில்லை. பிழை படுத்துக் கிடக்கிற ஆளிலதான்."

கிளப் செயலாளராக இருந்த வெள்ளைக்காரர் குனிந்து, அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று மரியாதையாகக் கேட்டார். என் கணவர் படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இன்றைக்குக் காற்று பலமாக அடிக்கிறது என்கிறார் என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார். செயலாளர் அப்படியே ஆமோதித்து, அக்காவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.