உப்புத் தண்ணீரில் ஊறிய மாமாவின் படிப்பு

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஆராய்ச்சிப் படிப்பின் கடைசிப் பகுதியை எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில்தான் படித்தார். தண்ணீர்ப் பஞ்சத்தில் அவருடைய கல்லூரி விடுதியை மூடிவிட்டார்கள். அலுமினியத் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்த உப்புத் தண்ணீர் பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு கடத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஏதோ ஊறுகாய் என்று நினைத்து அம்மா மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்த்தாள்.

பாதித் துண்டுகள் கல்லூரி இயந்திரத்தின் வளைந்த துளைக்குள் திரும்பத் திரும்ப அழுத்தி நசுக்கப்பட்டவை. மீதி, ஒன்றும் செய்யப்படாதவை. பாட்டிலை விட்டு எடுத்தால் வடிவத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எதை உப்பு அதிகம் அரிக்கும் என்பதுதான் மாமாவின் கேள்வி. அடிவாங்கியதுதான் சீக்கிரம் போகும் என்று நான் சொன்னேன், பள்ளிக்கூட அனுபவம். ஆனால் நாளாக ஆக, சும்மா இருந்த துண்டுகளில்தான் அங்கங்கே ஆழமாகக் குழி விழுந்தது. நசுங்கியவை மேலாக வெள்ளை பூத்ததோடு சரி. கல்லூரி திறந்ததும் எடை போட்டு, குழியை அளந்து எழுதிவிட்டால் படிப்பு முடிந்தது. அதுவரை யாரும் தொடக் கூடாது. நான் ஒருதடவை தொடப்போய் முதுகில் ஒன்று வாங்கினேன்.

படிப்பு முடியட்டும் என்றுதான் நல்லம்பள்ளியில் ஒரு பெண் வீடும் காத்திருந்தது. அந்தப் பெண்ணின் பேச்சை எடுத்தாலே மாமா சோற்றுத் தட்டைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா பரண் வரைக்கும் துடைத்தாள். மாமா பழம் வாங்கப் போயிருந்தார். மேல்தட்டு பாட்டில்களில் வெள்ளை பூத்துக் கிடந்த துண்டுகள் அம்மாவின் கண்ணை உறுத்தின. படித்த பிள்ளையின் சாமான் இப்படியா இருப்பது? எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி, புளியும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்து, வரிசையாக அடுக்கி வைத்தாள். தேய்த்த தேய்ப்பில் குழியும் எடையும் மாறிப்போய், எது நசுங்கியது, எது நசுங்காதது என்று இனி கடவுளுக்குத்தான் தெரியும்.

மாமா வந்தார். பார்த்தார். "நல்லா பளபளன்னு இருக்குதுக்கா" என்றார். பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

பெண்ணின் அப்பா கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "படிப்பு இந்த வருசம் முடிஞ்சிருங்களா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"இல்லீங்க. இன்னும் ஒரு வருசம் ஆவுங்க."

அவர்கள் நல்லபடியாகத்தான் சொல்லிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை.

அம்மா மாமாவைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டாள். "ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு தேஞ்சா போயிரும்?" எனக்கும் அவர் மேல் கோபம்தான். கல்யாணத்துக்கு எந்தப் பாவாடை என்று அம்மாவிடம் பேசி முடித்திருந்தேன்.

சாயங்காலம் மாமா அந்தத் துண்டுகளை அள்ளிவந்து என் மடியில் கொட்டினார். "நீயே வெச்சுக்க பாப்பா, வெளையாடு" என்றார். தொட்டதற்கே அடித்த சாமான். என் கோபமெல்லாம் பறந்துவிட்டது. மாமாவுக்கு என் மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன்.